கதையை யார் சொல்வது: ‘நான்’, ‘அவன்’, இல்லை எல்லாம் தெரிந்த ஒருவரா?

கதை எழுத உட்காரும்போது என்ன நடக்கப்போகிறது என்று எல்லோரும் யோசிக்கிறோம். அதை யார் சொல்லப்போகிறார் என்று யோசிப்பவர்கள் குறைவு. கை முதலில் ‘நான்’ என்று எழுதிவிட்டால் அது ‘நான்’ கதை. ‘ஒரு ஊரில்’ என்று எழுதிவிட்டால் அது வேறு கதை. மூன்றாம் பக்கத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்போது ‘கரு சரியில்லை’ என்று தாளைக் கசக்கிவிடுவோம். மாணவர் கதைகளைத் திருத்தித் திருத்தி எனக்கு ஒன்று பழகிவிட்டது: கசக்கிய தாளை விரித்துப் பார்த்தால் கரு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். சொல்ல வந்த ஆள்தான் தப்பான ஆள்.

தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற மூன்று இடங்களை இலக்கண வகுப்பில் எல்லோரும் படித்திருப்போம். அவை கோடிட்ட இடத்தை நிரப்புவதற்கு மட்டுமல்ல, கதை எழுதவும் வேண்டியவை. படர்க்கையில் மட்டும் எழுத்தாளருக்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு, அது பின்னால் வரும்.

ஒரு சின்ன நிகழ்ச்சியை வைத்துக்கொள்வோம். மத்தியான நேரம். தாத்தா படுத்திருக்கிறார். பேரன் குமரன் அவருடைய மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிப் பார்க்கிறான். அது நழுவி விழுகிறது. ஒரு பக்கக் கண்ணாடியில் குறுக்கே விரிசல். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கூடத்துக்கு நழுவுகிறான். அக்கா மீனா கதவிடுக்கு வழியாகப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்தது குமரனுக்குத் தெரியாது. தாத்தா எழுந்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, “இன்னிக்கு எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுது” என்கிறார். உண்மையில் அவர் தூங்கவில்லை, அரைக்கண்ணால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தார். இது பிள்ளைகள் இருவருக்கும் தெரியாது. மீனா கதவோரம் நின்றது மட்டும் அவர் படுத்திருந்த பக்கத்திலிருந்து தெரிந்திருக்காது.

மூன்று பேர். ஒவ்வொருவருக்கும் தெரியாதது ஒன்று இருக்கிறது. இதை யார் வாயால் சொல்வது?

‘நான்’: எளிதாகத் தோன்றும் வழி

குமரனே சொல்வதாக வைத்துக்கொண்டால் இப்படிப் போகலாம்:

“தாத்தாவின் மூச்சு சீராக இருந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டினேன். அறை முழுக்கத் தண்ணீருக்குள் முங்கியதுபோல் ஆகிவிட்டது. கதவைத் தொடலாம் என்று ஓர் அடி வைத்தேன். மூக்கிலிருந்து வழுக்கியது மட்டும் தெரிந்தது. சத்தம் பெரிதாக இல்லை. அதுதான் பயமாக இருந்தது.”

இந்த ஏழு வரிகளில் ‘நான்’ என்ற சொல் ஒரு தடவைகூட வரவில்லை. தேவையே இல்லை. ‘மாட்டினேன்’, ‘வைத்தேன்’ என்று வினைமுற்றின் வாலிலேயே ஆள் உட்கார்ந்திருக்கிறார். மாணவர்கள் எழுதும் தன்மைக் கதைகளில் கண்ணை உறுத்துவது இதுதான்: நான் எழுந்தேன், நான் பல் துலக்கினேன், நான் கிளம்பினேன். ஒரு பத்தியில் இருக்கும் ‘நான்’களை எல்லாம் அடித்துவிட்டு வாசித்துப் பாருங்கள். எங்கே சொல் இல்லாமல் பொருள் தடுமாறுகிறதோ அங்கே மட்டும் திரும்பப் போடுங்கள். அழுத்தம் வேண்டிய இடத்தில் வரும் ஒற்றை ‘நான்’ அப்போதுதான் அடிக்கும்: “உடைத்தது நான்.”

இன்னொன்றும் உண்டு. தன்மை வினைக்குப் பால் கிடையாது. ‘வந்தேன்’ என்றால் வந்தது ஆணா பெண்ணா என்று மொழி கேட்பதில்லை. ‘அவன்’, ‘அவள்’ என்று எழுதிய அடுத்த நொடி அது முடிவாகிவிடும். (இதை எழுதும் நான் ஆணா பெண்ணா என்று இந்தக் கட்டுரையில் எங்கும் சொல்லவில்லை. இதுவரை அதை நீங்கள் தேடியும் இருக்கமாட்டீர்கள்.) சொல்பவர் யார் என்பதைக் கடைசிவரை மூடிவைக்க வேண்டிய கதைக்கு இந்த ஒரு வசதிக்காகவே தன்மையைத் தேர்ந்தெடுக்கலாம்.

பன்மைக்குப் போனால் இன்னும் ஒரு திறப்பு. ‘நாங்கள் ஓடினோம்’ என்றால் வாசகர் வெளியே நிற்கிறார். ‘நாம் ஓடினோம்’ என்றால் அவரும் கூட ஓடினார். உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்று இலக்கணம் சொல்வது இதைத்தான். ஒரு சிறுவர் கூட்டம் சேர்ந்து ரகசியம் காக்கும் கதையில் ‘நாங்கள்’ என்று தொடங்கி ஏதோ ஓரிடத்தில் ‘நாம்’ என்று மாறினால், வாசகரையும் குற்றத்தில் சேர்த்தாயிற்று.

சரி, சிக்கல் எங்கே? முதலாவது, குரல். ‘நான்’ என்பது ஒரு கோணம் மட்டுமல்ல, ஒரு வாயும்கூட. எட்டு வயதுக் குமரன் ‘மனித வாழ்வின் நிலையாமையை அக்கணத்தில் உணர்ந்தேன்’ என்று சொன்னால் அவன் வாயில் எழுத்தாளரின் நாக்கு இருக்கிறது. பேச்சுத்தமிழில் சொல்ல வைத்தால் தப்பிக்கலாமா? ஒரு பக்கத்துக்கு அழகாக இருக்கும். பத்துப் பக்கம் அதே வழக்கில் ஒரே சீராக எழுத நல்ல காது வேண்டும். நடுவில் ஒரு ‘எனினும்’ விழுந்தால் போச்சு. தொடக்கத்தில் எழுத்துத்தமிழிலேயே சொல்லி, வாக்கியங்களைக் குட்டையாக்கி, சிறுவன் கவனிக்கும் பொருள்களை மட்டும் கவனிப்பது பாதுகாப்பானது. வயது சொல்லில் தெரிவதைவிடக் கவனிப்பில் நன்றாகத் தெரியும்.

இரண்டாவது, காலம். எப்போது சொல்கிறான்? அன்று மாலையேவா, இருபது வருடம் கழித்தா? தன்மைக் கதையில் எப்போதும் இரண்டு ‘நான்’ உண்டு: செய்த நான், சொல்லும் நான். இருபது வருடம் கழித்துச் சொல்பவனுக்குத் தாத்தா விழித்திருந்தது தெரிந்திருக்கலாம். அப்படியானால் அதை முதல் வரியில் சொல்வானா, கடைசிவரை மறைப்பானா? மறைத்தால் ஏன் மறைத்தான் என்று வாசகர் கேட்பார். ‘சொன்னால் கதை முடிந்துவிடும்’ என்பது எழுத்தாளரின் காரணம். குமரனுக்கு அவனுடைய காரணம் ஒன்று வேண்டும்.

மூன்றாவதுதான் எல்லோரும் வழுக்கும் இடம். “நான் கூடத்துக்கு ஓடியதும் அக்கா கதவுக்குப் பின்னால் நின்று மனத்துக்குள் சிரித்துக்கொண்டாள்.” குமரனுக்கு இது எப்படித் தெரியும்? சொல்லியே ஆக வேண்டும் என்றால் தமிழில் வழி இருக்கிறது. ‘அக்கா பார்த்தாளாம்’ என்று ஓர் ‘ஆம்’ போட்டால் செய்தி பிறகு காதில் விழுந்தது என்று ஆகிவிடும். ‘பார்த்திருக்க வேண்டும்’, ‘பார்த்தாள் போலிருக்கிறது’ என்றால் ஊகம். வால் மாறினால் போதும், தெரிந்ததும் கேட்டதும் ஊகித்ததும் பிரிந்துவிடும். இந்த வால்களைச் சரியாகப் போடுபவரின் ‘நான்’ கதையை நம்பிப் படிக்கலாம்.

நம்பக்கூடாத ‘நான்’ கதையும் உண்டு, அதைத் தெரிந்தே எழுத வேண்டும். மீனா சொல்வதாக வையுங்கள். “தம்பியைக் காப்பாற்றத்தான் நான் யாரிடமும் சொல்லவில்லை” என்கிறாள். நல்ல அக்கா. இரண்டு பத்தி கழித்து மறுபடி அதையே சொல்கிறாள். மூன்றாம் தடவை சொல்லும்போது நமக்குச் சந்தேகம் வருகிறது: இவள் காப்பாற்றுகிறாளா, அவன் மாட்டிக்கொள்ளும் நேரத்துக்காகக் காத்திருக்கிறாளா? அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னதுதான் காட்டிக்கொடுக்கிறது. இந்த இன்பம் தன்மைக்கே உரியது, வேறு எந்த வழியிலும் இவ்வளவு சுருக்கமாகக் கிடைக்காது.

‘நான்’ என்று எழுதினால் அது எழுதியவரின் சொந்தக் கதை என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சங்க அகப்பாடல்களில் புலவர் தம் குரலில் பேசுவதே இல்லை. தலைவி பேசுவாள், தோழி பேசுவாள், செவிலி பேசுவாள், அதைக் ‘கூற்று’ என்கிறோம். குறுந்தொகையின் 25-ஆம் பாடல் தலைவி கூற்று, பாடியவர் கபிலர். தலைவன் தன்னோடு கூடிய நாளில் அங்கே யாரும் இல்லை, ஓடும் நீரில் ஆரல் மீனுக்காகக் காத்துநின்ற ஒரு குருகு (நீர்ப்பறவை) மட்டும் இருந்தது என்கிறாள் அவள். பேச முடியாத ஒரே சாட்சி. அதன் கால் தினைத்தாள் போல் இருந்ததுவரை அவளுக்கு நினைவிருக்கிறது. அந்த நேரத்தில் குருகின் காலைக் கவனித்திருந்த மனம் எவ்வளவு கலங்கியிருக்கும்! கலக்கத்தைப் பற்றி ஒரு சொல் இல்லாமலே கலக்கம் வந்துவிடுகிறது. எழுதியவர் வேறு, சொல்பவர் வேறு என்ற பாடத்தை இதைவிட நன்றாக நடத்த எனக்குத் தெரியாது.

ஒருவர் தோளில் உட்கார்ந்த படர்க்கை

‘அவன்’ என்றுதான் எழுதுகிறோம், ஆனால் ஒரே ஆளின் பக்கத்திலேயே இருக்கிறோம். அவன் பார்த்ததைத்தான் பார்க்கிறோம், அவனுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாது. எழுதப் பழகுபவர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இந்த வழியைத்தான். ‘நான்’ தரும் நெருக்கத்தில் பெரும்பகுதி இதில் கிடைக்கிறது, அந்த வாயைச் சுமக்க வேண்டியதில்லை. குமரனுக்கு எட்டாத நல்ல உவமை ஒன்றைக் கதைசொல்லி போடலாம், யாரும் கேட்கமாட்டார்கள்.

“கண்ணாடியை உறையில் வைத்து மூடினான். தன்னை யாரும் பார்க்கவில்லை. பார்த்திருக்க முடியாது. கூடத்துக்கு வந்து, விரித்துப்போட்டிருந்த பேப்பரின் முன் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் தாத்தா வந்தார்.”

இதில் மூன்று இடங்களைப் பாருங்கள். ‘பார்த்திருக்க முடியாது’ என்பது குமரனின் எண்ணம், ஆனால் ‘என்று நினைத்தான்’ இல்லை. அந்த இரண்டு சொற்களை எடுத்ததும் வாசகருக்கும் குமரனுக்கும் நடுவில் இருந்த ஆள் விலகிவிடுகிறார். அடுத்தது ‘தன்னை’. ‘அவனை யாரும் பார்க்கவில்லை’ என்று எழுதியிருந்தால் வெளியிலிருந்து ஒருவர் அறிக்கை படிப்பதுபோல் இருந்திருக்கும். ‘மீனா தன்னைப் பார்த்துவிட்டாளோ என்று திரும்பினான்’ என்ற வாக்கியத்தில் பக்கத்திலேயே மீனா நிற்கிறாள், இருந்தும் ‘தன்னை’ குமரனைத்தான் தொடுகிறது. நாம் யாருக்குள் இருக்கிறோமோ அவரையே தேடிப்போகும் சொல் அது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது: ‘தாத்தா வந்தார்’. ‘போனார்’ என்று எழுதியிருந்தால்? நாம் இன்னும் படுக்கையறையில் நிற்கிறோம், தாத்தா நம்மைவிட்டு நடக்கிறார், குமரன் எங்கோ இருக்கிறான். ஒரே வினை மாறினால் வாசகர் அறை மாறுகிறார். தொல்காப்பியச் சொல்லதிகாரம் வருதலும் தருதலும் தன்மை, முன்னிலைக்கு உரியவை, செல்லுதலும் கொடுத்தலும் படர்க்கைக்கு உரியவை என்று பிரித்திருக்கிறது. அப்படியானால் படர்க்கைக் கதையில் குமரனை நோக்கித் தாத்தா ‘வரும்’போது என்ன நடக்கிறது? தன்மைக்கு உரிய வினையைக் குமரனுக்குக் கடன் கொடுக்கிறோம். பெயர் ‘அவன்’, வினை ‘நான்’. இந்த வழியின் சூட்சுமம் முழுக்க இவ்வளவுதான் என்று எனக்குத் தோன்றும்.

ஆளை எப்படிக் குறிப்பிடுகிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். குமரனின் தோளில் இருக்கும்வரை அவர் ‘தாத்தா’, வினை ‘வந்தார்’. திடீரென்று ‘முதியவர் இருமினார்’ என்றால் தெரியாத யாரோ அறைக்குள் நுழைந்து வேடிக்கை பார்ப்பதுபோல் இருக்கும். அழகுக்காகச் சொல்லை மாற்றிப்போடும் பழக்கம் கட்டுரையில் எப்படியோ, இங்கே கோணத்தையே உடைத்துவிடும்.

குறை? ஒருவரோடு கட்டிப்போட்டுவிடும். குமரன் பக்கத்திலேயே இருந்தால் தாத்தா விழித்திருந்ததை எப்படித் தெரிவிப்பது? குமரனுக்குப் புரியாமல் வாசகருக்கு மட்டும் புரியும்படி ஏதாவது ஒன்றை வைக்க வேண்டும். அந்த ‘ரெண்டு ரெண்டாத் தெரியுது’வைச் சொல்லும்போது தாத்தா பேப்பரைப் பார்க்கவில்லை, பேரனைப் பார்த்தார் என்று எழுதினால் போதும்.

எல்லாம் தெரிந்தவர்

“குமரன் நிம்மதியாக மூச்சு விட்டான். கதவோரம் மீனாவுக்கோ மூச்சே வரவில்லை. கட்டிலில் கிடந்தவர் மட்டும் சீராக மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், தூங்குகிறவர் அப்படித்தான் விடுவார் என்று அவருக்குத் தெரியும்.”

நன்றாக இருக்கிறதல்லவா? மூன்று மனங்களையும் ஒரே வீச்சில் தொட்டு, நமக்கு ஒரு சிரிப்பும் கிடைத்துவிட்டது. மூன்று தலைமுறைக் கதை, ஊர் முழுக்க நடமாடும் கதை, நாற்பது பாத்திரங்கள் உள்ள நாவல் என்றால் இந்த வழிதான் தாங்கும். காப்பியங்களும் வாய்மொழிக் கதைகளும் பெரும்பாலும் இப்படித்தான் நடக்கின்றன.

மாணவர்கள் இதைச் சுலபமான வழி என்று எடுத்துக்கொள்கிறார்கள், எங்கு வேண்டுமானாலும் போகலாமே என்று. எனக்கு இதுதான் மூன்றிலும் கடினம். எல்லாம் தெரிந்தவர் எதையாவது சொல்லாமல் விட்டால் அது மறைப்பு, எல்லாவற்றையும் சொன்னால் அது அறிக்கை. மேலே உள்ள மூன்று வாக்கியங்களை மூச்சு என்ற ஒரு சொல் இழுத்துக் கட்டியிருக்கிறது, அதனால்தான் தாவுவது தெரியவில்லை. அந்தக் கயிறு இல்லாமல் ஒரே பத்தியில் மனம் விட்டு மனம் தாவினால் வாசகர் யாரோடும் ஒட்டமாட்டார். சின்னக் கதைக்கு, அதிலும் இரண்டு மூன்று பக்கத்துக்குள் முடிய வேண்டிய போட்டிக் கதைக்கு, இதை நான் பரிந்துரைப்பதில்லை.

மீதி இரண்டு

முன்னிலை: “நீ கண்ணாடியை எடுக்கிறாய். மாட்டுகிறாய்.” ஒரு பக்கத்துக்குப் புதுமை, அதற்குமேல் கட்டளை போடுவதுபோல் ஆகிவிடும். குற்ற உணர்வில் தன்னையே திட்டிக்கொள்ளும் மனத்துக்குப் பொருந்தும், கடிதக் கதைக்கும் பொருந்தும். யாருடைய மனத்துக்குள்ளும் போகாமல் கேமரா போல வெளியே நின்று செயலையும் பேச்சையும் மட்டும் எழுதுவது இன்னொன்று. கதையாக வருவதைவிடப் பயிற்சியாக நல்லது. ‘பயந்தான்’, ‘வருந்தினாள்’ எல்லாம் தடை என்று வைத்துக்கொண்டு ஒரு பக்கம் எழுதிப் பார்த்தால் கைக்கு ஒரு கட்டுப்பாடு வரும்.

அப்படியானால் எதை வைத்து முடிவெடுப்பது?

வழக்கமாகச் சொல்வது, கதை யாருக்கு நடக்கிறதோ அவர் பக்கம் போ என்று. எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. கதை நடப்பது குமரனுக்குத்தான். ஆனால் கண்ணாடி உடைந்த பிறகு அவனிடம் பயத்தைத் தவிர வேறு வேலை இல்லை. நான் பார்ப்பது தெரியாமையை: யாருக்குத் தெரியாதது கதையை நகர்த்துகிறது?

தாத்தா பக்கம் போனால் கதை முதல் வரியிலேயே தீர்ந்துவிடும். அவருக்கு எல்லாம் தெரியும், மன்னித்தும் விட்டார். மீனா நின்றது தெரியாது என்பது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. குமரன் பக்கம் போனால் ‘மாட்டிக்கொள்வானா’ என்ற ஒரே கேள்விதான். அது பரபரப்புத் தரும், ஆனால் அதோடு நின்றுவிடும். மீனாவைப் பாருங்கள். சொல்வதா வேண்டாமா என்று அவள்தான் முடிவெடுக்க வேண்டும். தாத்தா அறியாதவர் என்று நம்பி அவள் இரவு முழுக்கப் புரள்வாள். அவர் அறிந்தவர் என்பது அவளுக்குத் தெரியாததால்தான் அந்தப் புரளலுக்கு அர்த்தம் வருகிறது, தெரியும்போது அது வேறு ஒன்றாக மாறுகிறது. குறைவாகத் தெரிந்தவன் குமரன், எல்லாம் தெரிந்தவர் தாத்தா. பாதி தெரிந்தவள்தான் எனக்கு வேண்டிய ஆள்.

அடுத்து, மீனா ‘நான்’ ஆகவா ‘அவள்’ ஆகவா? அவள் மனத்தில் தம்பிமேல் கொஞ்சம் பொறாமை இருக்கிறது, அதை அவளே ஒத்துக்கொள்ளமாட்டாள் என்பது என் கதை என்றால் ‘நான்’. அவளைப் பேசவிட்டு, அவள் வார்த்தையாலேயே மாட்டவைக்கலாம். அவள் உண்மையிலேயே குழம்பி நிற்கிறாள் என்றால் ‘அவள்’. குழம்பியவரைத் தன் குழப்பத்தைத் தானே விளக்கவைத்தால் குழப்பம் தெளிவாகிவிடும், அது இங்கே வேண்டாம். எழுதத் தொடங்குமுன் முதல் பத்து வரியை இரண்டு விதமாகவும் எழுதிப் பார்ப்பது நல்லது. வினையின் வாலை மட்டும் மாற்றியதும் இரண்டும் ஒன்றாகவே இருந்தால் இரண்டிலும் இன்னும் குரல் வரவில்லை என்று அர்த்தம்.

நான் ‘அவள்’ பக்கம் போகிறேன். கடைசிப் பகுதி இப்படி வரும்:

“காலையில் மீனா தாத்தாவிடம் போய் உட்கார்ந்தாள். விரிசல் விழுந்த பக்கத்துக் கண்ணை மூடிக்கொண்டு அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ‘தாத்தா’ என்றாள். அவர் தலையை எடுக்கவில்லை. ‘உன் தம்பிக்குத் தூக்கம் வந்துச்சா ராத்திரி?’ என்றார்.”

அந்த முதல் வாக்கியத்தில் ‘போய்’ என்பதை ‘வந்து’ என்று மாற்றி வாசித்துப் பாருங்கள். கதை தாத்தாவுடையதாகிவிடும்.